ஒருவர் போதும் என்று இருந்த இடத்தில்

1.

இந்தக் கதை என் சொத்து இல்லை. மாடி வீட்டுப் பெண்மணி என் கணினியைப் பார்க்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவர் படியேறிப் போனதும் எழுதத் தொடங்கிவிட்டேன். எழுத்தாளன் வீட்டுக்கு உதவி செய்ய வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்து வர வேண்டும்.

நடந்தது இது. என் நாவலில் ஒரு வட்டிக்கடைக்காரர் வருவார், ஊரையே உறிஞ்சுவார். அவரை மருந்துக்கடைக்காரராக மாற்றச் சொன்னார் பதிப்பாளர். அவருடைய சம்பந்தி வட்டிக்கடை வைத்திருக்கிறாராம். ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி ஃபைல். ஒன்றொன்றாகத் திறந்து, தேடி, திருத்தி, மூன்றாவது அத்தியாயத்திலேயே எனக்கு விழி பிதுங்கிவிட்டது. என் மனைவிதான் மாடிக்குப் போய் அவரை அழைத்து வந்தாள்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தார். வட்டிக்கடைக்காரர் எங்கெங்கே ஒளிந்திருக்கிறார் என்று எல்லா அத்தியாயங்களிலிருந்தும் வரிகள் வந்து விழுந்தன.

“பாக்காம மாத்தக் கூடாது சார். கண்ண மூடிட்டு மாத்தினா வேண்டாத இடத்துலயும் போய் உக்காந்துக்கும்.”

பிறகு இன்னொரு வரி அடித்தார். நாவல் முழுக்க வட்டி வாங்கிக்கொண்டிருந்த மனிதர் மாத்திரை விற்கத் தொடங்கினார். எனக்கு வாயெல்லாம் பல்.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான் சார். ஆபீஸ்ல போன மாசம் இப்படித்தான் ஒரு வாக்கியத்த மாத்தினேன்,” என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: “லிப்ட் கம்பெனியின் கையேட்டுப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று மழை” [மழையாம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: “மரணம் ஒரு வாக்கியத்தில் காத்திருந்தது.” [மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது நிற்கட்டும்:

ஆபீசில் அவளைச் சல்லடை என்பார்கள். (கதைக்குள் நுழைந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிட்டார். கதைக்கு மரியாதை தெரியாது, மன்னிக்கவும்.) லிப்ட் செய்து விற்கும் நிறுவனம். ஒவ்வொரு மாடலுக்கும் பழுதுபார்க்கும் கையேடு உண்டு. எல்லாம் அவள் பொறுப்பு. எந்த வரி எங்கே என்று கேட்டால் இரண்டு கமாண்டில் சலித்து எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஜன்னல் இல்லாத அறை. பிரிண்டர் சூடு. கதவுக்குப் பின்னால் யாரோ மறந்துவிட்டுப் போன குடை. மெக்கானிக்குகள் அச்சடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை, போனில்தான் பார்ப்பார்கள். அவள் இங்கே ஒரு வரியைத் திருத்தினால் அவர்கள் போனிலும் அது திருந்திவிடும்.

ஒரு மெக்கானிக் செத்துப்போனார். லிப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். இவர் மேலே மோட்டார் அறைக்குத் தனியாகப் போனார். பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோல் ஒரு கையில், லிப்டைக் கையால் நகர்த்தும் சக்கரம் மறு கையில். சக்கரம் பிய்த்துக்கொண்டு சுற்றி அவரை அடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கையேட்டில் இருந்த வாக்கியம்: “இந்த வேலைக்கு ஒருவர் போதும்.”

3.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பவில்லை. அவரே அவள் அறைக்கு வந்தார். (அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: மேலதிகாரி நம் நாற்காலியைத் தேடி வந்தால் அது நல்லதற்கில்லை.)

“அந்த வரி தப்பும்மா. ‘இருவர் தேவை’ன்னு இருக்கணும். எல்லா மாடல்லயும் மாத்திடு.”

“மாத்திடறேன் சார். ஆனா திருத்தின தேதின்னு இன்னிக்குத் தேதி விழும்.”

“தேதி எதுக்கு மாறணும்?”

அவள் அந்த வரியைத் திரையில் திறந்தாள்.

“இனிமே யாரும் சாகக் கூடாதுன்னுதானே திருத்தறோம். இதுல என்ன தப்பு, சொல்லு.”

வாக்கியத்தைத் திருத்துவதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் தேதி பழையதாகவே இருந்தால், ‘இருவர் தேவை’ என்ற விதி அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே இருந்ததாக ஆகிவிடும். விதியை மீறித் தனியாகப் போனது அவர் குற்றம் ஆகிவிடும். அவர் மனைவிக்கு நிறுவனம் எதுவும் தர வேண்டியதில்லை.

அவள் தேடினாள். வந்து விழுந்த வரிகளை எப்போதும்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, கணினி வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, பழைய பிரதியின் பெயருக்கு ஒரு வால் ஒட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும். பின்பு பழைய பிரதியின் தேதியை எடுத்துப் புதியதன் தலையில் போட வேண்டும். அதற்காகவே பழையது தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் பழைய பிரதிகளை அழிக்க இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

[இந்த இடத்தில் அவள் மனசாட்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல நடை. தூக்கிவிட்டேன். காரணம் கீழே.]

“மறந்துட்டீங்களா, வேணும்னேதான் விட்டீங்களா?” என்று கேட்டேன்.

“தெரியல சார். அந்த நேரம் பாத்து டீ வந்துச்சு.”

4.

பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக இவள் ஏன் உருக வேண்டும்? அதனால் செத்தவரை அவளுடைய தங்கை புருஷனாக்கினேன். கதை சட்டென்று கண்ணீரும் கம்பலையுமாக எழுந்து நின்றது. மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

“எனக்குத் தங்கச்சியே கிடையாது சார்.”

“கதைக்காகத்தான்மா.”

“தங்கச்சி வீட்டுக்காரரா இருந்தா மாத்தியிருக்க மாட்டேன். அப்ப உங்களுக்குக் கதையே இல்லையே.”

இறங்கி வந்து, ‘தங்கை கணவர்’ என்று இருந்த இடமெல்லாம் ‘மெக்கானிக்’ என்று போட்டேன், அவர் கற்றுக்கொடுத்த அதே ஒற்றை வரியால். மற்ற வாக்கியங்களில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. உறவு போய் யாரோ ஆனதில் கதைக்கு எந்தச் சேதமும் இல்லை.

5.

முடிவு, ஒன்று: சல்லடை பழைய பிரதிகளை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கின் மனைவி வீட்டுக்குப் போகிறாள். வழக்கு நடக்கிறது. மேனேஜர் தலைகுனிகிறார். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு

[மாடி வீட்டுக்காரர் இதுவரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.]

“என்னை நல்லவளா எழுதாதீங்க சார். அந்த அம்மா ஆபீசுக்கே வந்தாங்க, அவரோட டூல் பாக்ஸ வாங்கிட்டுப் போக. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ‘ரெண்டு பேர் போகணும்னு எழுதியிருந்துச்சாமே, இந்த மனுஷன் ஏன் தனியாப் போனாரு’ன்னு என்கிட்டதான் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னேன்.”

முடிவு, இரண்டு: அவள் அந்தப் பிரதிகளை அழித்துவிட்டு, நிம்மதியாக [நிம்மதியாக என்ற சொல்லுக்கு அப்பால் என்னால் போக முடியவில்லை.]

உண்மை நிலவரம் இதுதான். பழைய பிரதிகள் வாலோடு அந்தக் கணினியில் இன்னும் இருக்கின்றன. சீக்கிரமே ஆபீசில் எல்லாருக்கும் புதுக் கணினி தரப் போகிறார்களாம், பழையவற்றைத் துடைத்து விற்றுவிடுவார்களாம். நஷ்ட ஈடு கிடையாது என்று வந்த முடிவை எதிர்த்து மெக்கானிக்கின் மனைவி மேல்முறையீடு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் எதை வைத்துச் செய்வார்? தன் புருஷன்மேல்தான் தப்பு என்று அவரே நம்புகிறார்.

6.

பதிப்பாளர் கதையைப் படித்தார். “அருமை. ஆனா அந்தக் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்கு இழுத்தா நீங்களா வந்து நிப்பீங்க? கொஞ்சம் மாத்திடுங்களேன்.”

மாற்றிவிட்டேன். இப்போது எனக்கே கறுப்புத் திரை கைவந்துவிட்டது. ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த நிறுவனம் விற்பது லிப்ட் அல்ல. செத்தவர் மெக்கானிக் அல்ல. சக்கரம் அடித்துச் சாகவும் இல்லை. ‘ஒருவர் போதும்’ என்பதும் அந்த வாக்கியம் அல்ல. தேடினேன், பார்த்தேன், மாற்றினேன். அசல் கதை ஒரு வாலோடு என் கணினியிலும் கிடக்கிறது. மேனேஜரைத் திட்டி நான் எழுதியிருந்த ஒரு பத்தியையும் வெட்டிவிட்டேன். அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

திருத்திய பிரதியை மாடிக்குக் கொண்டுபோனேன். பொறுமையாகப் படித்தார்.

“அந்த அம்மா இதப் படிச்சா, தன்னோட கதைன்னு தெரியுமா சார்?”

“தெரியாது.”

“நல்லா மாத்தியிருக்கீங்க,” என்றார்.

பாராட்டுக்கு அலைகிறவன்தான் நான். ஆனால் இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது கால் கூசியது.

7.

முடிவை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்களிடம் தருகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வேலைக்குப் போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். விதியை மீறியது அவர்தான் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நீங்களும் அதை நம்பி, செத்தவர்மேல் கோபித்துக்கொண்டு இருக்கலாம். அப்படியானால் இந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள். லிப்ட் என்று வரும் இடத்தில் அவர் வேலைபார்த்த இயந்திரத்தைப் போடுங்கள், மெக்கானிக் என்று வரும் இடத்தில் உங்கள் மனிதரைப் போடுங்கள். மற்ற வாக்கியங்கள் எல்லாம் இடறாமல் பொருந்தினால் உடனே புறப்பட்டு வாருங்கள். கீழ்வீட்டில் நான் இருக்கிறேன், மாடியில் அவர் இருக்கிறார், பழைய பிரதி இருவரிடமும் இருக்கிறது.

நீங்கள் வந்து தட்டும்போது எங்களில் யார் கதவைத் திறப்போம் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.