கடைசித் தட்டு

பூங்கோதையின் புதுவீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தபோது கடைசித் தட்டில் ஒரு வான்கோழி இருந்தது. குத்துவிளக்கு, பட்டுப்புடவை, கற்கண்டு, அப்புறம் வான்கோழி. நெற்றியில் குங்குமம் வேறு.

அது இறங்கிவந்து அவள் அடிவயிற்றையே பார்த்தது. பிறகு சோபாவில் உட்கார்ந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அதைத் தெரியும். பெரிய அத்தை வீட்டில் இருந்தது. சின்ன அத்தை வீட்டிலும் இருந்தது. இரண்டு அத்தைகளும் சினைப்பைப் புற்றுநோயில் போனார்கள். வெளியே வாயுத் தொல்லை என்று சொல்லிவைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வாயுவில்தான் சாவார்கள், குடும்ப மானம் முக்கியம்.

"எங்க வீட்டுப் பக்கம் இதெல்லாம் கிடையாது" என்றாள் அம்மா.

தட்டைச் சுமந்து வந்தவர் அப்பா. "பொம்பளைங்க சமாச்சாரம். நான் எப்படிம்மா கொண்டாந்திருப்பேன்?" என்றார். அவர் சட்டைக்குள்ளிருந்து ஓர் இறகு விழுந்தது. குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பூங்கோதை வான்கோழியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா அதற்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பூங்கோதையின் ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பரிசோதித்தார்கள். கோழி அப்பா வழியில் வந்ததுதான்.

"அப்ப எனக்கு நோய் வந்துருச்சா டாக்டர்?"

"இல்லம்மா. கோழிதான் வந்திருக்கு. இன்னும் கொத்தல."

"கொத்துமா?"

"கொத்தலாம். கொத்தாமலும் இருக்கலாம். குழந்தைங்க போதும்னா, அது கொத்துற இடத்தையே எடுத்துடலாம். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"தங்கச்சி ஒருத்தி."

வான்கோழி நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த மாதம் தங்கை கயல்விழியின் புதுமனை புகுவிழா. அப்பா கடைசித் தட்டைப் பட்டுத்துணியால் மூடித் தூக்கி வந்தார். உள்ளே கோழியும் இருக்கலாம், தேங்காயும் இருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு.

"சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட்டுப் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"அத்தைங்களுக்கும் இதையேதானப்பா சொன்னீங்க?" என்றாள் பூங்கோதை.

அப்பா தேங்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பூங்கோதைக்குத் தங்கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனாலும் பந்தி நடுவில் போய் நின்றாள்.

"கயலு, அத்தைங்களுக்கு வந்தது வாயு இல்லடி. புத்துநோய். எனக்குக் கோழி வந்திருச்சு. உனக்கும் வந்திருக்கான்னு துணிய எடுத்துப் பாரு."

பந்தி நின்றது. அப்போது கயலின் மாமியாருடைய கைப்பைக்குள்ளிருந்து ஒரு வான்கோழி கொக்கரித்தது.

மாமியார் பையைத் திறந்து அதை வெளியே விட்டார். "எங்க வீட்ல இத மூட்டுவலின்னு சொல்லுவோம்" என்றார். அதற்கும் ஓர் இலை போடச் சொன்னார்.

கயல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு துணியை விலக்கினாள்.