அப்பாவின் தோல்

அம்மா மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரல் நுனியால் தடவிக்கொண்டு போனாள். அப்பாவின் கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"பாரு, அசையறாரு. என் கை அவருக்குத் தெரியுது" என்றாள் அம்மா. மூன்று நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மகள் அந்தக் கையைப் பார்த்தாள். மேலே எறும்பு ஊர்ந்தால் யாரும் அப்படித்தான் இழுப்பார்கள்.

அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது. பேச மூச்சில்லை, கண் திறக்கவும் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குள் முடிந்துவிடும் என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்து மகளிடம் சொன்னாள். அம்மாவிடம், தொட்டால் அவருக்குத் தெரியும், தடவிக் கொடுங்கள் என்றாள். நல்ல மனசுக்காரி. சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்; மாட்டிக்கொண்டவர் அப்பா.

அப்பா ரத்தினக்கல் தரகர். கல்லைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் உருட்டுவார். பட்டை தீட்டியதில் மயிரிழை பிசகியிருந்தாலும் விரல் சொல்லிவிடும். அந்த விரலுக்கு வாய்த்த தோல்தான் உடம்பு முழுக்க. காலருக்குப் பின்னால் கம்பெனிச் சீட்டு தைத்த சட்டையைப் போட மாட்டார். அழுத்திப் பிடித்தால் ஒன்றுமில்லை, மெதுவாகத் தொட்டால் உயிர் போகும். மகளுக்கும் அதே தோல். அம்மாவோ கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி, எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தினுசுச் சரக்கு.

கல்யாணமான நாளிலிருந்து, சாப்பாடு முடிந்ததும் அவர் கையை மடியில் எடுத்து வைத்துத் தடவுவது அம்மாவின் வழக்கம். நாற்பத்தோரு வருஷம். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சந்தையில் அவருக்குக் கல்லுமூஞ்சி என்று பெயர். எவன் என்ன விலை சொன்னாலும் புருவம் ஏறாது. அந்த மூஞ்சியை அவர் வீட்டில்தான் பழகினார் என்பது மகளுக்கு மட்டும் தெரியும். ஒருமுறை கடையில் அவரே சொன்னார்: "எறும்புப் புத்துல கை விட்ட மாதிரி இருக்கும். உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே."

இப்போது அந்த மூஞ்சி அவர் வசத்தில் இல்லை. ஒவ்வொரு தடவலுக்கும் கை இழுத்தது, நெற்றி சுருங்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் அம்மா இன்னொரு தடவல் கொடுத்தாள்.

பொறுத்துப் பார்த்த மகள், பதினோரு மணிக்குத் தொழில் புத்தியைக் காட்டினாள். அழுத்திப் பிடித்தால்தான் ரத்த ஓட்டத்துக்கு நல்லது, நர்ஸ் அப்படித்தான் சொன்னாள் என்று ஒரு பொய்யை விற்றாள். அம்மா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் அவர் முன்கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பாவின் நெற்றி விரிந்தது. தோள் இறங்கியது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"ஒண்ணுமே அசையலையேடி" என்றாள் அம்மா. "என்னைத் தெரியல அவருக்கு."

"தூங்கறாரும்மா."

"இல்ல. இது என் கைன்னு தெரியல."

மறுபடி விரல் நுனிக்குப் போனாள். கை இழுத்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மகள் போர்வைக்குள் கை விட்டு, அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்தாள். சந்தையில் துண்டுக்குள் கை கோத்துத்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல். ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு பேச்சு உண்டு. அவளும் பத்து வருஷமாக அப்பாவோடு தரகு பார்ப்பவள். அவர் நடுவிரலை இரண்டு முறை அழுத்தினாள். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிடவா? அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடவா?

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அதற்குள் அம்மாவின் விரல் நாலு தடவை மேலும் கீழும் போய்வந்துவிட்டது. பிறகு அப்பாவின் விரல்கள் மகளின் விரல்களை மடக்கின. கட்டைவிரல் மேலே ஏறி உட்கார்ந்தது. கட்டி வை. பலமில்லாத பிடிதான். ஆனால் அவர் ஒருநாளும் இரண்டுங்கெட்டானாகக் கை கொடுத்தவர் இல்லை.

மகள் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா அவருக்கும் ஒருமுறை தடவிக் காட்டினாள். குடுத்து வச்ச மனுஷன் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. போர்வை ஏறவில்லை. மகள் பார்த்தாள். அம்மா கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையலையேடி" என்றாள், விரலை நிறுத்தாமல்.

மகள் எழுந்து போய் ஒரு தலையணையை எடுத்து வந்து, அம்மாவின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"தடவும்மா" என்றாள். "நிதானமா தடவு."