நாய் உயரத்துக்கு ஒரு கதவு

லிஃப்ட் மெக்கானிக் பயந்தால் அவர் குடியிருக்கும் கட்டிடத்தின் கதவுகள் காணாமல் போகும். பூட்டிக்கொள்வதோ இறுகிக்கொள்வதோ அல்ல, சுத்தமாகக் காணாமல் போய்விடும். கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கும், அதே பெயின்ட், அதே அழுக்கோடு. அவருக்குப் பயம் தெளிந்ததும் கதவு திரும்பி வரும். கைப்பிடி கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பாதி கட்டிய ஒரு கட்டிடம் சரிந்தபோது லிஃப்ட் குழியில் அவரும் அவருடைய கூட்டாளியும் மாட்டிக்கொண்டார்கள். இடிபாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூட்டாளி ஒரு இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தட்டுவது நின்றுவிட்டது. மெக்கானிக்கை மட்டும்தான் உயிரோடு எடுத்தார்கள். அன்றிலிருந்து யாராவது எதையாவது தட்டினால் போதும், மனிதர் வியர்த்து, மூச்சு முட்டி, குளியலறை மூலையில் சுருண்டுவிடுவார். எல்லா மாடியிலும் கதவுகள் போய்விடும்.

குடியிருந்தவர்கள் இதற்கு வெகு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். ஆபீசுக்குத் தாமதமாகப் போகிறவர்களுக்கு ஒரு நிரந்தரக் காரணம் கிடைத்தது. இரண்டாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர், மாமியார் படியேறி வரும் சத்தம் கேட்டாலே கரண்டியை எடுத்துச் சுவரில் தட்டுவார். மாமியார் வெறும் சுவரை முறைத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார். மேல்மாடியில் ஒருவர் சுருண்டு கிடப்பது பற்றி? "பாவம்" என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவருக்குச் சல்லிக்காசு செலவில்லாத வார்த்தை. மெக்கானிக் வேலையை விட்டார், வாசல் இறங்குவதை விட்டார், பேச்சையும் பெரும்பாலும் விட்டார்.

தையல்காரியான அவருடைய மனைவிதான் எங்கெங்கோ விசாரித்து, ஒரு பயிற்சி மையத்திலிருந்து அந்த நாயைக் கூட்டிவந்தாள். பழுப்பு நிறம், பெரிய உடம்பு, சம்பளம் வாங்கும் முகம். அதன் மேல்சட்டையில் 'வேலையில் இருக்கிறேன், தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அவருக்குப் பயம் வரப் போவது அவருக்கே தெரிவதற்கு முன்பு அதற்குத் தெரிந்துவிடும். ஓடிவந்து மொத்த உடம்பையும் அவர் மடியில் சாய்த்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை நகராது. பிறகு அவரைச் சுவர்வரை இழுத்துப்போய், காலால் பிறாண்டும். கதவு வரும். கடையில் வரிசையில் நின்றால், பின்னாலிருந்து யாரும் இடிக்காதபடி அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் குறுக்கே நிற்கும். கெட்ட கனவு கண்டால் முகத்தை நக்கி எழுப்பிவிடும். அடுத்த வருஷமே மெக்கானிக் பட்டறைக்குத் திரும்பினார். மேஜைக்கடியில் நாய், மேஜைமேல் மோட்டார். கதவுகள் எப்போதாவதுதான் காணாமல் போயின.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கத்துக்குக் கோபம் வந்தது. கதவுகள் காணாமல் போனதற்கு ஒருநாளும் கூடாத சங்கம், லிஃப்டில் ஒரு நாய் முடி கிடந்ததற்காகக் கூடியது.

ஜன்னல் இல்லாத கீழ்த்தள ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நாயைக் கட்டிடத்தை விட்டு அனுப்பும் தீர்மானத்துக்காகக் கூட்டம். செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையில் மரஸ்கேல் இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. நாய்க்கு உள்ளே அனுமதி இல்லை என்று சொல்லி, அதன் கயிற்றை வாட்ச்மேன் கையில் கொடுக்க வைத்தார்.

"அது இல்லாம இவரால உட்கார முடியாது சார்" என்றாள் மனைவி.

"அரை மணி நேரம்மா. நாய் வந்து ஓட்டா போடப் போகுது?"

ஹால் சிரித்தது. பல் டாக்டர் எழுந்தார். "நாய்னா நாய்தானேங்க. சட்டை மாட்டிவிட்டா ஆபீசர் ஆயிடுமா?" மறுபடியும் சிரிப்பு.

"அத வெளிய அனுப்பிட்டீங்கன்னா இவரு பழையபடி சுவரப் பாத்துட்டு உக்காந்துடுவாரு. இப்பதான் மனுஷனா நடமாடறாரு. விட்டுடுங்க சார்."

"மனசுல தைரியம் வேணும்மா" என்றார் தலைமையாசிரியர். "எங்க காலத்துல பயந்தவனுக்கெல்லாம் நாயா வாங்கிக் குடுத்தாங்க?"

மெக்கானிக் அன்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். "சார், அந்த ஸ்கேல மட்டும் கீழ வெச்சிடுங்க." சலசலப்பில் அது யார் காதிலும் விழவில்லை. "அமைதி!" என்று கத்திய தலைமையாசிரியர், பழக்கதோஷத்தில், ஸ்கேலால் மேஜையைப் பட் பட்டென்று தட்டினார்.

கதவு போய்விட்டது.

தைரியத்தைப் பற்றிப் பேசியவர்தான் முதலில் சுவரில் பாய்ந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் பாய்ந்தார்கள். கையால், செருப்பால், நாற்காலியால் தட்டினார்கள். தட்டத் தட்டச் சுவர் தடித்தது. "தட்டாதீங்க! கும்பிட்டுக் கேக்கறேன், தட்டாதீங்க!" என்று மனைவி அலறியதும்தான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஹாலில் மூச்சுச் சத்தம் மட்டும் மிச்சம். தரையில் சுருண்டு கிடந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

அப்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, கீழே, ஒரு பிறாண்டல் கேட்டது. வாட்ச்மேன் கையில் பாதிக் கயிறுதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

"நிக்கலைங்க. கேளுங்க. அவன் அந்தப் பக்கம்தான் இருக்கான்" என்றாள் மனைவி.

மெக்கானிக் தவழ்ந்து போய், சத்தம் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கதவு வந்தது. ஆனால் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது. நாய் அந்தப் பக்கம், மனிதர் இந்தப் பக்கம், நடுவில் சங்கம் தடிக்க வைத்த சுவர். அவ்வளவுதான் முடிந்தது போலும். நாய் உள்ளே வந்து அவர் மடியில் சாய்ந்தது. அவருக்கு மூச்சு சீரானது. பிறகு எல்லோரும் நாலு காலில் தவழ்ந்து வெளியேறினார்கள். தலைமையாசிரியர் இடுப்போடு மாட்டிக்கொண்டார். பல் டாக்டர்தான் வெளியிலிருந்து பிடித்து இழுத்தார்.

மற்றக் கதவுகள் அப்போதே திரும்பிவிட்டன. ஹால் கதவு மட்டும் வளரவில்லை. கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்தார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூடிக்கொண்டது, பெயின்ட் உட்பட. அந்தத் தீர்மானத்தை மறுபடியும் எடுக்க யாருக்கும் மனமில்லாததால், நாய் இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர் இப்போது சுவரில் தட்டுவதில்லை; மாமியார் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார். தலைமையாசிரியர் அந்த நாய் ஏறும்போதுதான் லிஃப்டில் ஏறுகிறார். தற்செயல் என்கிறார்.

சங்கக் கூட்டம் இன்றும் அதே ஹாலில்தான் நடக்கிறது. ஸ்கேலை வாசலில் வைத்துவிட்டு, தலைமையாசிரியர் முதலில் தவழ்ந்து போவார், பின்னால் பல் டாக்டர், பின்னால் மற்றவர்கள், மெக்கானிக்கும்தான். நிமிர்ந்தபடியே உள்ளே போவது நாய் ஒன்றுதான்.