வாருல இழு, கல்லுல வைக்காதே

எனக்கு நானே சவரம் பண்ணிக்கக் கத்துக்கிட்டது முப்பத்தெட்டாவது வயசுல. சிரிக்காதீங்க. உடையார்பாளையத்துல பாதி ஊருக்கு முகம் மழிக்கிறவன் இந்த அரியமுத்து. ஆனா எங்க ஆளுங்க தன் கத்தியைத் தன் முகத்துல வைக்கிற வழக்கம் கிடையாது. எங்க முகத்துக்குப் பங்காளி கைதான். தனக்குத்தானே மழிச்சுக்கிட்டான்னா அவன் பங்காளி இல்லாதவன்னு அர்த்தம். எங்களுக்கு அதைவிடக் கேவலம் ஒண்ணு இல்ல.

என் பங்காளி செல்லக்கண்ணு, பெரியப்பா மகன். என் வயசுதான். திங்கக்கிழமை மத்தியானம் ஊர் வேலை முடிஞ்சதும் ஏரிக்கரை இலுப்பை மரத்தடியில உக்காருவோம். முதல்ல நான் அவனுக்கு, அப்புறம் அவன் எனக்கு. நான் கத்தியை எடுத்தாலே அவன் தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்குவான். தூங்கியே போயிடுவான், அப்படி ஒரு மனுஷன்.

ஜெர்மன்காரன் சண்டை வந்தப்ப அவன் பட்டாளத்துக்குப் போனான். சுட இல்லீங்க, சிப்பாய்ங்களுக்கு மழிக்க. நாப்பத்தாறுல திரும்பி வந்தப்ப ஒரு சீமைக் கத்தி கொண்டாந்தான். வெள்ளைக்காரத் தொரை ஒருத்தர் குடுத்தாராம். எலும்புப் புடி, காகிதமாட்டம் மெல்லிசான தகடு. அதை இழுக்க முழ நீளத்துக்கு ஒரு தோல்வார் வேற.

அன்னைக்குப் புடிச்சது எனக்கு வயித்தெரிச்சல். நேத்து வரைக்கும் என்னைக் கூப்புட்ட வாத்தியார், "செல்லக்கண்ணு இருக்கானா?"ன்னு கேக்குறார். கத்தி பட்டதே தெரியலைங்குறார். ஏன், நான் மழிச்சப்ப அருவாளா பட்டுச்சு? என் பொண்டாட்டி இருசம்மாள் ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே, "உங்க பங்காளி கையில என்னமோ இருக்குங்க, ஊரே சொல்லுது"ன்னா. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். கையில இல்லடி, கத்தியில இருக்குன்னு கத்தினேன். அவ தட்டை எடுத்துக்கிட்டுப் போனா.

இதுல வடக்குத் தெரு வைரக்கண்ணு ஐயா மகனுக்குக் கல்யாணம் வந்துச்சு. அந்த வூட்டு மாப்பிள்ளை சவரம் எங்க அப்பன் காலத்துலேர்ந்து எங்க முறை. வைரக்கண்ணு ஐயாவை மணையில உக்கார வச்சு மழிச்சது எங்கப்பன். மழிச்சு முடிச்சதும் மழிச்சவனுக்குப் புது வேட்டி போத்துவாங்க. அதைப் போத்திக்கிட்டுத் தேரடி வழியா வூட்டுக்கு வரணும், ஊர் பாக்கும். அந்த ஒரு நடைக்காகத்தான் நான் எத்தனையோ வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால அந்த வூட்டுக் காரியக்காரர் வந்து கூசாம சொல்றார்: "மாப்பிள்ளை திருச்சி காலேஜ்ல படிச்ச புள்ள, அரியமுத்து. சீமைக் கத்தியிலதான் பண்ணிக்குவேங்குறாரு. செல்லக்கண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

சரிங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது. வூட்டுக்குள்ள வந்து செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டேன்.

திங்கக்கிழமை மத்தியானம் வழக்கம்போல இலுப்பை மரத்தடி. அவன் கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டினான். கல்யாண வூட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எவ்வளவு நெஞ்சழுத்தம்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன், தாடைக்குக் கீழ வந்தப்ப என் கை ஒரு நொடி நின்னுது. அவன் குறட்டை விட்டான். மிச்சத்தையும் மழிச்சு முகத்தைத் தொடச்சு விட்டேன்.

அப்புறம் அவன் தன் அடப்பத்தை, அதான் கத்தி கிண்ணியெல்லாம் வைக்கிற தோல்பையை, என் மடியில வச்சான். அவன் பொண்டாட்டி முத்தாயி அரியலூர்ல தாய் வூட்டுல புள்ளை பெத்திருந்தா. பச்சைப்புள்ளை இருக்கிற வூட்டுக்கு எங்க ஆளுங்க கத்தி கொண்டு போக மாட்டோம்.

"பங்காளி, புதங்கிழமை வந்துடுவேன். நாளைக்கு நீ உன் கத்தியைத் தீட்டறப்ப இதையும் ஒரு பத்து இழுப்பு இழுத்து வை. கத்தி முதுகு வாருல படிஞ்சே இருக்கணும், முதுகு முன்னால போகணும், முனை பின்னால வரணும். வாருல இழு, கல்லுல வைக்காதே. இதோட தகடு நம்ம கத்தி மாதிரி தாங்காது."

சொல்லிட்டு, கரியில ஓடுற அரியலூர் பஸ்ஸைப் புடிக்கப் போயிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஊர்ல ஒருத்தரும் முகத்துல கத்தி வைக்க விட மாட்டாங்க. எங்களுக்கு அது தீட்டுற நாள். என் கத்தியைத் தீட்டி முடிச்சு அவன் கத்தியை விரிச்சேன். எனக்குச் சொல்லித் தர்றானாம். முதுகு முன்னாலயாம், முனை பின்னாலயாம். நான் இருபது வருஷமா கல்லுல தீட்டுறவன். கல்லுல தண்ணி தெளிச்சேன். எங்க நாட்டுக் கத்திக்குப் பண்ற மாதிரியே முதுகைத் தூக்கி, முனையை அழுத்தி, நாலு தேய்ப்புத் தேய்ச்சேன். கெடுக்கணும்னா செஞ்சேன்? நான் தீட்டினா இன்னும் நல்லாருக்கும்னு செஞ்சேன்னு ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கிட்டேன். வைக்காதேன்னு அவன் சொன்னது காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.

கட்டை விரல் நகத்துல வச்சு இழுத்துப் பாத்தேன். நறநறன்னு புடிச்சுது. வெட்டுற முனை பூரா பொடிப் பல்லு. வாருல நூறு இழுப்பு இழுத்தேன், போகல. தேங்காயெண்ணெ தொட்டுப் பளபளன்னு தொடச்சு மடக்கிப் பையில போட்டுட்டேன். நாளன்னைக்குக் கல்யாண வூட்டுல அவன் முழிக்கிற முழியை நெனச்சு, அந்த ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

புதங்கிழமை ராத்திரி அவன் வந்து பையை வாங்கிக்கிட்டான், பிரிச்சுப் பாக்கல. வியாழக்கிழமை காலையில வைரக்கண்ணு ஐயா வூட்டுக்கு ரெண்டு பேரும் போனோம். மத்தவங்களுக்கு மழிக்க நான், மாப்பிள்ளைக்கு அவன்னு நெனச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னேன். மாப்பிள்ளை மணையில உக்காந்தாச்சு. பொம்பளைங்க சுத்தி நிக்கிறாங்க. செல்லக்கண்ணு சீமைக் கத்தியை எடுத்தான். நேரா வந்து என் கையில வச்சான்.

"காரியக்காரர் வந்து கேட்ட அன்னைக்கே ஐயாகிட்ட சொல்லிட்டேன் பங்காளி. அவங்களுக்கு வேண்டியது சீமைக் கத்தி, அது என்னுது. முறை உன்னுது. நீதான் உக்காரணும்."

"ஆமா அரியமுத்து, உன் பங்காளி ஒத்தைக் கால்ல நின்னு கேட்டான்"னார் வைரக்கண்ணு ஐயா.

மாப்பிள்ளை முகத்தைப் பாக்கறேன், கன்னம் பூரா பரு. அந்தக் கத்தி பட்டா ரத்தக் களறிதான். எவனும் மழிக்கிறதுக்கு முன்னால தன் முன்கையில ஒரு தடவை இழுத்துப் பாப்பான். நானும் இழுத்தேன். மயிரை வெட்டாம புடுங்குச்சு.

செல்லக்கண்ணு பாத்துட்டான். கத்தியை வாங்கி வெளிச்சத்துல புடிச்சான். முனையைப் பாத்தான், அப்புறம் என்னைப் பாத்தான். அந்தப் பார்வைக்கு அவன் என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. நேத்து கை தவறிக் கீழ போட்டுட்டேன், முனை போயிடுச்சு. அரியமுத்து கத்தி நல்லாருக்கும்."

பங்காளின்னு சொல்லல. பொறந்ததுலேர்ந்து அவன் என்னைப் பேர் சொன்னது அதான் முதல் தடவை.

பட்டாளத்துக்காரனுக்குக் கத்தியை வச்சுக்கத் தெரியலைன்னு யாரோ சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் என் நாட்டுக் கத்தியில மழிச்சேன், ஒரு கீறல் இல்ல. புது வேட்டி போத்தினாங்க. தேரடி வழியாத்தான் வந்தேன். யார் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது, தலை நிமிரல.

திங்கக்கிழமை சீக்கிரமே இலுப்பை மரத்தடிக்குப் போயிட்டேன். கால்ல விழுந்துடணும்னுதான் போனேன். அவன் வந்தான். உக்காரல. முகம் ஏற்கெனவே மழிச்சிருந்துச்சு. தாடைக்குக் கீழ, தன் கண்ணுக்கு எட்டாத இடத்துல, ரெண்டு வெட்டு, ரத்தம் காஞ்சு கிடந்துச்சு. யாரு மழிச்சதுன்னு நான் கேக்கல, கேக்கவும் வேண்டியதில்ல.

மரத்து வேர் மேல சீமைக் கத்தியை வச்சான். தோல்வாரை வச்சான். பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்த சின்னக் கண்ணாடி ஒண்ணையும் வச்சான்.

"நீ தீட்டின கத்தி, நீயே வச்சுக்க. உன் முகத்தையும் இனிமே நீயே பாத்துக்க."

அவ்வளவுதான். அந்த வாரமே அரியலூருக்குக் குடி போயிட்டான்.

மூணு வாரம் தாடியோட திரிஞ்சேன். அப்புறம் வெக்கத்தை விட்டுக் கண்ணாடியை மரத்துல மாட்டி, அந்தச் சீமைக் கத்தியையே எடுத்தேன். இடது வலமாத் தெரிஞ்சு, வலது இடமாத் தெரிஞ்சு, நான் போட்ட பல்லெல்லாம் என் கன்னத்தையே புடுங்குச்சு. வழவழன்னு ஒரு கல் தேடி, முதுகும் முனையும் சேந்து படிய, அழுத்தாம தேய்ச்சுத் தேய்ச்சு அந்தப் பல்லு போக எனக்கு ஒரு வருஷமாச்சு. வாருல முதுகு முன்னால, முனை பின்னால. அவன் சொன்னது அத்தனையும் சரி.

இப்ப அது அவன் கொண்டாந்தப்ப இருந்ததைவிட நல்லா வெட்டுது. திங்கக்கிழமை மத்தியானம் இப்பவும் அந்த மரத்தடியிலதான் மழிச்சுக்கிறேன். கழுத்துக்கு வர்றப்ப அவன் ஞாபகம் வரும். என் கத்திக்குக் கீழ கண்ணை மூடித் தூங்கினவன் அவன். நான் கண்ணை மூட முடியாது. இந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் மழிக்கணும்.