ஓரகத்தியின் ஷார்ட்கட்

கட்டட வரைபட அலுவலகத்தில் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். அவளுடைய கொழுந்தனின் மனைவி அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் மூத்தவள் ஒரு மாடியை வரைந்து முடிப்பதற்குள் இளையவள் இரண்டை முடித்துவிடுவாள். அவள் வலது கை மவுஸை விட்டு நகராது. இடது கை மட்டும் கீபோர்டில் தடதடவென்று ஓடும். கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றுக்கும் இடப்பக்க எழுத்துகளிலேயே ஷார்ட்கட் அமைத்து வைத்திருந்தாள். "உனக்குக் கையா அது, மெஷினா?" என்று மேலாளர் மெச்சியபோது மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மதியம் இளையவள் சாப்பிடப் போன சமயம் பார்த்து, அந்த ஷார்ட்கட் ஃபைலை பென் டிரைவில் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள். பிறகு கதவு வைக்கப் போனவள், பழக்கதோஷத்தில் பழைய எழுத்துகளையே அடித்தாள். கதவு வரவில்லை, சுவர் இரண்டாகப் பிளந்தது. சரிசெய்யப் போய்ப் படிக்கட்டே காணாமல் போனது.

திரும்பி வந்த இளையவள் திரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"என்னோடதைப் போட்டுட்டீங்களாக்கா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. இருங்க, உங்க பழசைக் கொண்டுவந்துடறேன்."

இரண்டே நிமிடத்தில் கொண்டுவந்தும் விட்டாள். அவள் கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மூத்தவளுக்கு. நல்லவள் என்ற பேரையும் அல்லவா இவள் தட்டிக்கொண்டு போகிறாள்!

"வீட்ல இதைச் சொல்லிடாதே," என்று முணுமுணுத்தாள்.

"எதைக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள் இளையவள். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பும் அழகாகத்தான் இருந்தது.