பக்கத்து வீட்டுக் கேள்வி

உலக நிவாரண சபை என்று ஒன்று இருந்தது. எங்கோ ஒரு குளிர் நாட்டில், ஏரிக்கரையில், கண்ணாடிக் கட்டடத்தில் அது கூடும். அகதி என்பவர் முகாமில் இருப்பவர் என்று அதன் விதிப் புத்தகம் சொன்னது. முகாமிலுள்ள குழந்தைக்கு மாதம் இரண்டு பெட்டி பால்மா. சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தைக்கு ஒன்றுமில்லை. சபையின் கணிப்பில் அது விருந்துக்குப் போயிருந்தது.

குணலட்சுமியின் மகன் அப்படித்தான் யாழ்ப்பாணத்து இணுவிலில் விருந்தாளியானான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வயாவிளானை விட்டு ஓடிவந்த குடும்பம், பெரியம்மா நாகேஸ்வரியின் வீட்டுப் பின்னறையில் மூன்று வருடமாக விருந்தாடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் பிறந்த பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரில் வளர்ந்த பிள்ளையின் அழுகை, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அவன் அழுவதை விட அழாமல் கிடப்பதுதான் குணலட்சுமியின் தங்கை பராசக்திக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் விற்றுக் கோடீஸ்வரரான ஒரு வெள்ளைக்காரருக்கு உலகத்தைத் திருத்தும் எண்ணம் வந்தது. நிவாரண சபையின் விதிகளை எப்படிச் சீர்திருத்தலாம் என்று ஆராய, அவருடைய அறக்கட்டளை பெருந்தொகை ஒதுக்கியது. அரசாங்கம் சவர்க்காரம் வர விடாத யாழ்ப்பாணத்தில், அதற்குப் பதிலாகப் பனம்பழக் களியில் தோய்த்த சட்டையோடு பராசக்தி அந்த ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்களைப் பொறுக்கியவர், கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சோமசேகரம். பராசக்தியின் கையெழுத்து வடிவாக இருந்தது அவருக்குப் போதுமாக இருந்தது.

முதல் வீட்டில் அவள் படிவத்தைப் பார்த்து வாசித்தாள்.

"போன ஏழு நாளிலை இந்த வீட்டிலை சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததோ, அம்மா?"

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? எங்களுக்கென்ன குறை? இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

ஊரெல்லாம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த காலம். ஆனால் அவளுக்குக் கிடைத்த தேநீரில் சீனி இருந்தது. அடுத்த வீட்டிலும் இருந்தது. ஆறாவது வீட்டில்தான் அவள் அந்தத் தகரப் பேணியைக் கவனித்தாள். பச்சை மூடி போட்ட ஒரே சீனிப் பேணி, வேலிப் பொட்டு ஓட்டைகளுக்குள்ளால் அவளுக்கு முன்னே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. 'சமையலறையில் சீனி உண்டா' என்ற கேள்விக்கு, கண்ணால் கண்டதை எழுதவேண்டும் என்பது கட்டளை. 'உண்டு' என்று எழுதினாள்.

தங்கள் வீட்டு முறை வந்தபோது, உள்ளே பிள்ளை சிணுங்க, பெரியம்மா அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஒரு குறையும் இல்லையெண்டு எழுது."

நாற்பது படிவங்களையும் புரட்டிய சோமசேகரத்துக்கு முகம் மலர்ந்தது.

"நாப்பது வீட்டிலையும் தட்டுப்பாடில்லை. சீனியும் இருக்குது. நல்ல செய்திதானே பிள்ளை. சபைக்குச் சந்தோசமாயிருக்கும்."

"அவ்வளவும் பொய், ஐயா. வாசல் படலை வரைக்கும் வந்து வழியனுப்பேக்கை, பக்கத்து வீட்டைப் பற்றி ஒவ்வொருத்தரும் ரகசியமாய்ச் சொல்லுகினம். அதுதான் உண்மை. அதையே கேப்பம்."

"அங்கையிருந்து வந்த கேள்வியை மாத்தேலாது." அவர் கொஞ்சம் யோசித்தார். முப்பது வருடக் கச்சேரி அனுபவம் வீண்போகவில்லை. "ஆனால் பின்னிணைப்பெண்டு ஒண்டைச் சேக்கலாம். பின்னிணைப்பை ஆரும் தடுக்கிறேல்லை."

இரண்டாம் சுற்றில் கேள்வி ஒன்றுதான்: பக்கத்து வீட்டில் எப்படி?

தேநீர் கொடுக்கக்கூட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

"அவையோ? வெறும் தண்ணியைக் கொதிக்க வைச்சுக்கொண்டு, கறி வேகுதெண்டு எங்களுக்குக் காட்டுகினம்."

"அந்த மனிசன் கொடிகாமத்துக்கு யாவாரத்துக்குப் போறாராம். சந்தை கலைஞ்சாப்பிறகு நிலத்திலை கிடக்கிற வெண்டிக்காயைப் பொறுக்கிறதும் ஒரு யாவாரம்தானே."

ஊர்வம்பு என்று இதுவரை இகழப்பட்டது, இப்போது தரவு என்ற பெயரைப் பெற்றது. ஒரு வீட்டைப் பற்றி இடப்பக்கம் சொன்னதும் வலப்பக்கம் சொன்னதும் எத்தனை கொத்து அரிசி என்ற அளவு வரை ஒத்துப்போயின.

இதே விசயத்தைச் சொல்லி ஊரார் இதற்கு முன்பே சபைக்குப் பதினொரு மனுக்கள் அனுப்பியிருந்தார்கள். கையால் எழுதிய மனுவை யார் வாசிப்பார்கள்? அட்டவணையோடும் வழவழப்பான அட்டையோடும் சவர்க்காரக்காரரின் பெயரோடும் போனபோது சபை வாசித்தது. வாசித்துத் திடுக்கிட்டது. பதினொரு மாதம் திடுக்கிட்டபின் விதியை மாற்றியது. சொந்தக்காரர் வீட்டிலிருக்கும் குழந்தையும் இனி அகதிதான், இரண்டு வயது வரை பால்மா உண்டு. ஆனால் யாரும் தங்கள் குறையைத் தாங்களே சொல்ல முடியாது. அயலவர் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஆய்வு நிரூபித்தது அதைத்தானே.

குணலட்சுமியின் மகனுக்கு அப்போது ஒன்றே கால் வயது தாண்டியிருந்தது. இன்னும் எழுந்து நிற்கவில்லை.

பெரியம்மா வீட்டுக்கு ஒருபக்கம் புகையிலைத் தோட்டம். மறுபக்கம் சின்னாச்சி. வேலிக் கதியால் தடிகளை ஒரு முழம் தள்ளி நட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"அவளின்ரை வாயாலை எங்களுக்கு இல்லையெண்டு சொல்லுவிக்கிறதோ?" என்றார் பெரியம்மா. "அதுக்குப் பட்டினி கிடக்கலாம்."

"கிடக்கிறது என்ரை பிள்ளை, பெரியம்மா," என்றாள் குணலட்சுமி. மூன்று வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் அவள் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

பராசக்தி படிவத்தை எடுத்துக்கொண்டு ஒழுங்கைப் பாதையால் சுற்றிப் போனாள்.

"வா பிள்ளை," என்றார் சின்னாச்சி. "ஊரிலை எல்லாரையும் கேட்டியள். இந்தப் படலைக்கு மட்டும் வரேல்லை."

பராசக்தி தலை குனிந்தபடி எழுதினாள். எந்த மாதம் பால் வற்றியது, எந்தக் கிழமை காப்பு விற்றது, எத்தனை நாள் காய்ச்சல், எல்லாம் சின்னாச்சியின் வாயிலிருந்து பிசகில்லாமல் வந்தன. கையெழுத்துக்குப் பேனையை நீட்டினாள். சின்னாச்சி வாங்கவில்லை.

"இன்னும் முடியேல்லை. உந்த வீட்டிலை தங்கச்சிக்காரி ஒருத்தி இருக்கிறாள். பின்னேரத்திலை சாப்பிட்டிட்டன் எண்டு தமக்கைக்குச் சொல்லிப்போட்டு, கிணத்தடிக்கு வந்து வயிறு முட்டத் தண்ணி குடிக்கிறவள். வேலியாலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அதையும் எழுது."

பராசக்தி நீட்டிய பேனையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இது குழந்தையளுக்கு மட்டும், மாமி. அதுக்கு இடமில்லை."

"ஓரத்திலை எழுது."

அவள் ஓரத்தில் எழுதினாள். வடிவான அந்தக் கையெழுத்து இந்த ஒரு வரியில் மட்டும் கோணியது. சின்னாச்சி எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்து, சரியென்று கண்டு, கையெழுத்துப் போட்டார். பிறகு, வேலி விசயத்தில் தான் ஒரு அங்குலமும் விடப்போவதில்லை என்பதைப் பெரியம்மாவிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார்.