பூசப்படாத வாயில்

மேலைக் கதிர் சாய்ந்து, நெடுந்தெருவின் புழுதியைப் பொன்னெனக் காட்டி ஏமாற்றும் மாலைப்பொழுதில், இரு தெருக்கள் முட்டும் முனையில், முதுமையால் கூனாமலும் புதுமைக்கு நாணாமலும் நின்றது அந்தக் கடைக்கட்டடம். ஒவ்வொரு கடைவாயிலின் மேலும், முதன்முதல் அங்கே வணிகம் செய்தோரின் தொழிலைச் சொல்லும், சுண்ணச் சாந்தில் புடைத்தெழச் செய்த எழுத்துகள், மழை தின்று வெயில் தின்று எஞ்சியவை, பல்லுதிர்ந்த வாயின் சிரிப்பைப் போல் தெருவை நோக்கியிருந்தன. அதை இடித்து அடுக்குமாளிகை எழுப்ப உரிமையாளன் துடித்தான். பழஞ்சின்னமென அறிவித்துக் காக்கும்படி கடைக்காரர்கள் நகரமன்றத்திடம் மன்றாடினார்கள். அறிஞர் குழுவொன்று பார்வையிட நாளும் குறித்தது.

அப்போதுதான், படிப்பவர்களே, அந்த உரிமையாளன் (அவன் பெயரை எழுதி இந்நடையை அழுக்காக்க மாட்டேன்) இன்முகத்தோடு வந்தான். "பெரியவங்க பாக்க வர்றாங்க, கட்டடம் பளபளன்னு இருக்க வேணாமா? பெயின்ட்டும் ஆளும் என் செலவு."

விருந்தினர் வருமுன் வீட்டுக்கு வெள்ளையடித்தே பழகிய அம்மக்கள், தேனில் விழும் ஈக்களென அச்சொல்லில் விழுந்தனர். முனைக்கடையில் துணி தைப்பவள் மட்டும் ஓடும் தையற்பொறியை நிறுத்தி நிமிர்ந்தாள். குடிகாரக் கணவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இரு பெண்மக்களைத் தையலால் படிக்க வைப்பவள். அக்கடை போனால் அவளுக்குக் கதியில்லை.

பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்ப்பவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தம்பி, கூரை ஒழுகி என் துணியெல்லாம் நனைஞ்சப்போ எட்டிக்கூடப் பாக்காத ஆளு, இப்ப வலிய வந்து பெயின்ட் அடிச்சுத் தர்றானாம். எனக்கென்னமோ சரியாப் படல."

"உனக்கு எதுதான்க்கா சரியாப் பட்டிருக்கு? உன் நிழலு பின்னாடி வந்தாலே, யார்ரா அதுன்னு திரும்பி நிக்கிற ஆளு நீ."

"அப்படி நின்னதாலதான்டா இன்னும் கடை வெச்சிருக்கேன்."

மற்றவர்களிடமும் சொல்லலாமென எழுந்தவள், வாயில்வரை சென்று திரும்பினாள். புத்தகங்களுக்கு அட்டை கட்டுபவன் கோள் சொல்வானோ? பூட்டுக்கடைக்காரன் உரிமையாளன் கையாளோ? ஐயம் அவள் நாவைக் கட்டியது.

வந்த ஆட்கள் பழைய எழுத்துகளைக் கொத்திச் சமன்செய்து, மேலே சிமிட்டி பூசி, அதன்மேல் பகட்டான நீலத்தைத் தீட்டினார்கள். அவள் வாயிலில் ஏணி சாத்த வந்தவன் மட்டும், "என் கடை மேல கை வெச்சா, கத்தரிக்கோல்தான் பேசும்" என்று அவள் சீறியது கேட்டுப் பின்வாங்கினான்.

குழு வந்தது. தலைவி அந்தப் புதுநீலத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இங்க பழசுன்னு சொல்ல என்னங்க மிச்சம் இருக்கு?" என்றாள். வரவேற்கக் கூடியிருந்தோர் முகங்களில் சிரிப்பு உறைந்தது. பின்பு அவள் விழி, முனைக்கடையின் வாயில்மேல், உடைந்தும் உருக்குலையாத எழுத்துகளில் போய் நின்றது.

ஆணை வந்தது: முனைக்கடை மட்டும் காக்கப்படும், எஞ்சிய பகுதி உரிமையாளன் விருப்பத்துக்கு.

கடைக்காரர்கள் அவள் வாயிலில் திரண்டார்கள். கடிகாரக்காரன்தான் முதலில் வெடித்தான். "அந்தக் கட்டடக்காரன்கூடப் பேசி வெச்சுக்கிட்டுதானே இருந்தே?"

"பாவி, உன்கிட்ட சொன்னேனேடா!"

"என்கிட்ட மட்டுந்தானே சொன்ன? இவங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவளிடம் விடை இருந்தது. ஆனால் 'உங்களை நான் நம்பவில்லை' என்பதை, வீடுவாசல் இழந்தாற்போல் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது? தலைகுனிந்து தைக்கத் தொடங்கினாள்.

இன்று சுற்றிலும் மண்மேடு. நடுவே முட்டுக்கட்டைகள் தாங்க, ஒற்றைப் பல்லெனத் தனித்து நிற்கிறது அவள் கடை. வாயிலில் நகரமன்றத்தின் செப்புத்தகடு மின்னுகிறது. இடிபாட்டுப் புழுதி துணிமேல் படியப் படிய, உதறி உதறித் தைக்கிறாள். கள்வனை அஞ்சி அவள் இட்ட தாழ் கள்வனைத் தடுத்தது உண்மையே. ஆயினும் அத்தாழே அண்டை அயலாரையும் வெளியே நிறுத்தியது. கடை இருக்கிறது. கதவைத் தட்டி, "அக்கா" என்று அழைக்கத்தான் எவருமில்லை.